நாலாவது வரிசை

பையை மேல வைக்காதீங்க சார், காலடியிலேயே இருக்கட்டும். இந்த வண்டியில மேல் தட்டை நம்ப முடியாது. இவனுங்க எதையும் ஒழுங்கா மாட்ட மாட்டானுங்க. கோயமுத்தூருக்கா? நானும் அங்கதான். அப்ப ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு எல்லாத்தையும் சேர்ந்தே பாத்துரலாம்.

நீங்க ஃபோன்ல படிச்சிட்டிருந்ததை எட்டிப் பாத்துட்டேன், தப்பா நினைக்காதீங்க. கண்ணு தானா போயிருச்சு. நடுவானத்துல விமானத்துக்குள்ள காத்தழுத்தம் குறைஞ்சுது, விமானியோட சாமர்த்தியத்தால எல்லாரும் தப்பிச்சாங்க. அதானே போட்டிருக்கான்? சாமர்த்தியமாம். அவன் என்ன செஞ்சிருப்பான்னு இங்க உக்காந்தே சொல்றேன், கேட்டுக்கங்க. காக்பிட்ல எச்சரிக்கை ஹாரன் அடிச்சிருக்கும். மூஞ்சில மாஸ்க்கை மாட்டியிருப்பான். விமானத்தோட மூக்கைக் கீழ சாய்ச்சு இறக்கியிருப்பான். முடிஞ்சுது. மழை பெஞ்சா குடை பிடிக்கிறவனுக்கு மாலை போடுற ஊருங்க இது.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்க. நான் கேப்டன் நல்லசிவம். இந்த வேட்டியையும் பையையும் பாத்தா யாரும் நம்ப மாட்டாங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஓட்டினவன். இன்னைக்கு ஓட்டிட்டிருக்கிற பாதிப் பேருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் ஏன் ரயில்ல போறேன்னு அடுத்த கேள்வி வரும். எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. சமையக்காரனைக் கொண்டுபோய்ப் பந்தியில உக்கார வச்சு அடுத்தவன் வச்ச ரசத்தைக் குடினு சொன்னா குடிப்பானா? அவ்வளவுதான்.

சரி, காத்தழுத்தம்னா என்னனு தெரியுமா உங்களுக்கு? தெரியாது. படிக்கிற எவனுக்கும் தெரியாது. முப்பத்தஞ்சாயிரம் அடியில வெளிய காத்து இருக்கு, ஆனா மனுசன் மூச்சுக்குப் பத்தாது. அதனால சைக்கிள் டியூப்புக்கு அடிக்கிற மாதிரி உள்ள காத்தை அடைச்சு வச்சுட்டுத்தான் நாங்க போறது. அது எங்கயாவது ஓட்டை விழுந்து கசிஞ்சா, உள்ள இருக்கிற காத்தும் மெலிஞ்சு போயிரும். இதுக்கு விதி ஒண்ணு இருக்கு. முதல்ல உன் மூஞ்சில மாஸ்க். அப்புறம் பக்கத்துல இருக்கிறவன் பேசுறது உனக்கும் நீ பேசுறது அவனுக்கும் கேக்குதானு பாரு. அப்புறம் அழுத்தத்தைப் பிடிச்சு நிறுத்த முடியுமானு பாரு. முடியாதுனா யோசிக்காத, இறங்கு. இன்ஜினைத் தணி, இறக்கை மேல இருக்கிற பலகையை எல்லாம் எழுப்பு, கீழ போறவன் விலகணும்னு கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லு. மலை இல்லாத இடமா இருந்தா பத்தாயிரம் அடிக்கு வந்துரு. அங்க மாஸ்க் இல்லாமலே மூச்சு விடலாம். இதை நான், பயிற்சிக்குனு தரையில வச்சிருக்கிற பொய் விமானத்துல எத்தனை பயலுகளுக்கு உக்கார வச்சு உக்கார வச்சுச் சொல்லிக் கொடுத்திருக்கேன். மாஸ்க்கை லேட்டாப் போட்டான்னு அஞ்சாறு பேரை ஃபெயில்கூடப் பண்ணியிருக்கேன். ஒருத்தன் அழுதே போட்டான். அழட்டும்னு விட்டேன். கத்துக்குட்டிக்கு விதிதான் கைத்தடி.

ஆனா பாருங்க, விதி கத்துக்குட்டிக்கு. அனுபவம் உள்ளவனுக்கு என்ன? இந்தக் கேள்விக்குத்தான் சார் அந்த மூணு பேரும் கடைசி வரைக்கும் பதில் சொல்லல. விசாரணைக் குழுனு உக்காந்தானுங்க பாருங்க, அவனுங்களைச் சொல்றேன். வர்றேன், அதுக்கு வர்றேன்.

அன்னைக்குச் சென்னையில இருந்து டெல்லி போறோம். நல்ல வெயில் வந்த காலை நேரம். என் வீட்டுக்காரி வசுமதியும் அதே விமானத்துல வர்றா. டெல்லியில எங்க மக பிள்ளை பெத்திருந்தா, பாக்கறதுக்குப் போறா. நாலாவது வரிசையில நடக்கிற பாதை ஓரமா நானே சொல்லி வாங்கிக் கொடுத்த சீட். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் ஓட்டுற விமானத்துல அவ ஏறினது ரொம்பக் கொஞ்சம். பயம்லாம் இல்ல. நீங்க முன்னாடி கதவைச் சாத்திட்டு உக்காந்துக்குவீங்க, நான் பின்னாடி யாரோ மாதிரி உக்காந்திருக்கணும், அதுக்கு எதுக்குனு கேப்பா. அப்படியே விடுங்க.

எனக்குப் பக்கத்துல கோ-பைலட்டா ஒரு பொண்ணு. ஜெனிட்டா பர்னாந்துனு பேரு. தூத்துக்குடி. ஒல்லியா, கழுத்து நீளமா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். அப்பா சங்கு குளிக்கிறவராம். மூச்சைப் பிடிச்சுட்டுக் கடலுக்கு அடியில போறவர் மகளுக்கு மேகத்துக்கு மேல என்ன வேலைன்னு கேட்டு நான் சிரிச்சேன். அது சிரிக்கல. அதுக்குச் சிரிப்பே வராது. கிளம்புறதுக்கு முன்னாடி மாஸ்க்கை எடுத்து ஊதிப் பாத்து, கண்ணாடி மாதிரி துடைச்சுத் திருப்பி வச்சுது. ஒவ்வொரு நாளும் அப்படித்தானாம். என்னோடதையும் பாக்கட்டுமானு கேட்டுச்சு. நான் உன் அப்பன் வயசும்மா, என் மூக்கை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்.

நாக்பூர் பக்கம் போயிட்டிருக்கோம். பின்னாடி எங்கயோ பலகையைத் தட்டுன மாதிரி ஒரு சத்தம். காது லேசா அடைச்சுது. கொஞ்சத்துல ஹாரன் அடிச்சுது. கேட்டதும் கேக்காததுமா அந்தப் பொண்ணு மாஸ்க்கை உருவி மாட்டிருச்சு. பாம்பைப் பாத்தவன் கம்பை எடுக்கிற மாதிரி. பாம்பா கயிறானு ஒரு நிமிசம் பாக்கணும்ல? அந்த நிதானம் இன்னைக்கு யாருகிட்ட இருக்கு?

நான் மாட்டல. ஏன்னு சொல்றேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. ஹாரன் சும்மாவும் அடிக்கும். கருவிக் கோளாறா இருக்கலாம். காரணம் தெரியாம மருந்து குடிக்கிற ஆள் இல்ல நான். அப்புறம் அந்த மாஸ்க் எனக்கு முன்னாடி யாரோ போட்டது, அதுல ஒரு பாக்கு வாசனை. போட்டா என் மூக்குக்கண்ணாடி வேற கோணிக்கும். அதனால தலைக்கு மேல இருக்கிற அழுத்தக் கருவியை அண்ணாந்து பாத்து, எந்தக் குமிழு என்ன சொல்லுதுனு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாத்துட்டிருந்தேன். இன்ஜினியர் மாதிரி. அந்தப் பொண்ணு, கேப்டன், மாஸ்க், அப்படீனுச்சு. கேட்டேன், தலையாட்டினேன். மறுபடி மாஸ்க்னுச்சு. அந்தக் குரல் மாஸ்க்குக்குள்ள இருந்து வர்றப்ப எப்படி இருக்கும் தெரியுமா, குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. யானைக்குட்டி மாதிரி இருக்கம்மானு சொன்னேன்.

ஒண்ணு சொல்றேன் சார், இதைக் கவனமாக் கேளுங்க. என் வாழ்க்கையில அன்னைக்கு மாதிரி என் மனசு தெளிவா இருந்ததே இல்ல. சத்தியமாச் சொல்றேன். உடம்பெல்லாம் லேசா, இதமா. ஜன்னலுக்கு வெளிய மேகம் வெளுத்த பஞ்சு மாதிரி. விரல் நுனியெல்லாம் மெல்லமாத் துடிக்குது, கோயில் மேளம் தூரத்துல கேக்கற மாதிரி. ஒரு கவலை கிடையாது. எல்லாரையும் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அந்தப் பொண்ணைக்கூட. சங்கைக் காதுல வச்சாக் கடல் சத்தம் கேக்குமே, அது உன் அப்பாவுக்குக் கடலுக்குள்ள இருக்கிறப்பயும் கேக்குமானு விசாரிச்சேன். ஆபத்து நேரத்துல இப்படி நிதானமாப் பேச எத்தனை பேரால முடியும்? அந்தப் பொண்ணு, கேப்டன், கீழ இறங்கணும், அழுத்தம் நிக்கலைனுச்சு. நான் சொல்றப்ப இறங்கலாம்னு சொன்னேன்.

அதுக்குள்ள பின்னாடி பயணிகளுக்கு மாஸ்க் எல்லாம் கூரையில இருந்து தொங்கிருச்சுனு விளக்கு எரிஞ்சுது. பாவம், ஜனங்க பயந்திருக்கும். அந்த நேரத்துல கேப்டனோட வேலை என்ன? தைரியம் சொல்றது. மைக்கை எடுத்தேன். தமிழ்ல, இங்கிலீஷ்ல, இந்தியில, மூணு மொழியிலயும் அழகா ஒரு நாலு வார்த்தை சொன்னேன். அந்த மாதிரி அறிவிப்பு நான் முன்ன பின்ன கொடுத்ததில்ல. வார்த்தை ஒண்ணொண்ணும் தானா வந்து விழுந்துச்சு.

மைக்கை வைக்கிறேன், பாத்தா அந்தப் பொண்ணு எனக்குச் சொல்லாம விமானத்தைக் கீழ சாய்க்குது. இன்ஜினைத் தணிச்சிருச்சு, பலகையை எழுப்பிருச்சு, ரேடியோவுல எவன்கிட்டயோ அவசரம்னு சொல்லிட்டிருக்கு. நான் கேப்டன் உக்காந்திருக்கேன். நான் கையை நீட்டி இன்ஜின் லீவரை முன்னால தள்ளினேன், மறுபடி மேல போறதுக்கு. அது என் கையைத் தட்டிவிட்டுச்சு. என் கையை. அப்புறம் அந்த மூணு வார்த்தை. ஐ ஹேவ் கன்ட்ரோல். எங்க தொழில்ல அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? இனிமே நான் ஓட்டறேன், நீ சும்மா இருன்னு அர்த்தம். நேத்துப் பிறந்த பொண்ணு, என்னைப் பாத்து.

வேற யாரா இருந்தாலும் அந்த இடத்துல சண்டை போட்டிருப்பான். நான் போடல. கோபம் வர்றப்ப கண்ணை மூடிக்கணும்னு எங்க அப்பா சொல்லுவார். மூடிட்டேன். கொஞ்சம் யோசிச்சேன். திறந்து பாக்கறப்பப் பத்தாயிரம் அடியில நேரா போயிட்டிருக்கோம், என் மூஞ்சில மாஸ்க் இருக்கு. நான்தான் எப்பவோ மாட்டியிருக்கணும். அந்தப் பொண்ணு, நான்தான் சார் சாஞ்சு வந்து மாட்டிவிட்டேன்னு சொல்லுச்சு. ஒரு கையில விமானத்தைப் பிடிச்சுட்டு இன்னொரு கையால ஒரு ஆம்பளையைத் தூக்கி நிறுத்தி மாஸ்க் மாட்டுச்சாம். கேக்கறவன் கேனையனா இருந்தா சொல்லிட்டே போகலாம்.

இந்தா, நீ போதும், நான் இறக்கறேன்னு சொன்னேன். அது என்னைத் திரும்பிப் பாத்து, நீங்க மாஸ்க்கோட அப்படியே உக்காந்திருங்க சார், நாக்பூருக்குச் சொல்லிட்டேன், நான் இறக்கறேன்னுச்சு. சரி, சின்னப் பொண்ணு, பழகட்டும்னு பெருந்தன்மையா விட்டேன். இறக்கிச்சு. ரெண்டு தடவை குதிச்சுது. நான் இறக்கியிருந்தா டம்ளர்ல தண்ணி ஆடியிருக்காது.

காபி வருது, வேணாங்க, இது காபி இல்ல. ஜோலார்பேட்டை வரட்டும்.

அதோட முடிஞ்சிருக்க வேண்டிய விசயம். எல்லாரும் உயிரோட இருக்காங்க. ஒரே ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார், அவரும் கீழ வந்ததும் எழுந்து உக்காந்துட்டார். அதுக்கு விசாரணை. மூணு பேர். அதுல தலைவனா உக்காந்தவன் ஒரு காலத்துல எனக்குக் கோ-பைலட்டா இருந்தவன், என் பெட்டியைத் தூக்கிட்டு நடந்தவன். இன்னொருத்தர் டாக்டர். இன்னொருத்தன் எதுக்கு வந்தான்னு அவனுக்கே தெரியாது. காக்பிட்ல பேசுறதை எல்லாம் பதிவு பண்ற ஒரு பெட்டி உண்டு. கறுப்புப் பெட்டினு பேரு, நிறம் ஆரஞ்சு. பேர் வச்சவனுக்கே அறிவு இல்ல. அதைப் போட்டுக் காட்டினானுங்க.

அந்தப் பெட்டி கெட்டுப் போச்சு சார். அதை நான் அப்பவே எழுதிக் கொடுத்தேன். என் குரலை இழுத்து இழுத்துப் போடுது. கள்ளுக்கடை வாசல்ல கேக்கற குரல். நான் வாழ்நாள்ல ஒரு சொட்டு தொட்டதில்ல. அந்தப் பொண்ணு குரல் மட்டும் எப்படித் தெளிவா இருக்குனு கேக்கறான் அந்தத் தலைவன். ஒரே பெட்டி, ஒரே நேரம்கறான். அது பெட்டியைக் கேக்க வேண்டிய கேள்வி, என்னைக் கேட்டா? அதுல அந்தப் பொண்ணு மாஸ்க், மாஸ்க்னு சொல்லிக்கிட்டே இருக்கு. ரெண்டு தடவைதான் சொன்னதா எனக்கு ஞாபகம். பெட்டியில அது நிக்கவே இல்ல. கடைசியில அதோட குரல் உடையுது. கெஞ்சுற மாதிரி. அப்பா மாதிரி நினைச்சுக் கேக்கறேன் சார், மாட்டிக்கங்கனு. அப்படியெல்லாம் சொன்னதா எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்ல.

அப்புறம் என் அறிவிப்பு. மூணு மொழினு நான் சொன்னேன். பெட்டியில இருக்கிறது ஒரே மொழி. நம்ம மொழிதான். மேல தொங்கறது எல்லாம் குழந்தைங்களுக்கு, கழட்டிப் போடுங்க, காத்து அருமையா இருக்கு, ஓட்டறது நல்லசிவம், பயப்படாதீங்கனு ஒரு குரல் சொல்லுது. சொல்லிட்டுச் சிரிக்குது. அப்புறம், நம்பிக்கை இல்லையா, நாலாவது வரிசையில என் பொண்டாட்டி இருக்கா, என்னைப் பத்தி அவகிட்டக் கேளுங்கன்னுது. அந்த டாக்டர் தலையைக் குனிஞ்சுட்டு எழுதிட்டிருந்தார்.

சரி, பேச்சுக்கு வச்சுக்குவோம். நான் அப்படியே சொல்லியிருந்தாலும் என்ன தப்பு? பயப்படாதீங்கனுதானே சொன்னேன்?

டாக்டர் விளக்கம் சொன்னார். மூளைக்குக் காத்துப் பத்தாதப்ப வலிக்காதாம். சந்தோசமா இருக்குமாம். தன்னை மாதிரி புத்திசாலி இல்லைனு தோணுமாம். தனக்கு என்ன ஆச்சுங்கறது மட்டும் தனக்குத் தெரியாதாம். நான் எழுந்து கேட்டேன், டாக்டர், உங்களைப் பாத்தாலும் அப்படித்தான் தோணுது, உங்களுக்கும் காத்துப் பத்தலையானு. ரெண்டு பேர் சிரிச்சாங்க. அவர் கோச்சுக்கல. நல்ல மனுசன்தான், படிப்பு கெடுத்துருச்சு.

அடுத்ததுதான் சார் என்னால மறக்க முடியாதது. சாட்சி கூப்பிட்டானுங்க. பயணிகள்ல ஒரு அம்மா வந்து சொல்லுது, அறிவிப்பைக் கேட்டதும் பக்கத்துல ரெண்டு மூணு பேர் மாஸ்க்கைக் கழட்டிட்டாங்களாம். விமானி சொல்றாரே, அவருக்குத் தெரியாதானு. மயங்கினாரே, அந்தப் பெரியவர் அதுல ஒருத்தர். மத்தவங்க எல்லாம் தலையைத் திருப்பி நாலாவது வரிசையைப் பாத்தாங்களாம். கேளுங்கனு சொன்னேன்ல, கேட்டிருக்காங்க. விமானம் மூக்கைச் சாய்ச்சு இறங்கிட்டிருக்கு, எல்லார் மூஞ்சியிலயும் மஞ்சக் கிண்ணம் மாதிரி அந்த மாஸ்க், எல்லார் கண்ணும் ஒரு பொம்பளை மேல.

அந்தத் தலைவன் அடுத்த சாட்சியைக் கூப்பிட்டான். வசுமதி நல்லசிவம்னான். எனக்கு அவ வர்றதே தெரியாது. வீட்டுல ஒரு வார்த்தை சொல்லல. காலையில எனக்கு இட்லி வச்சுட்டு, கோயிலுக்குப் போறேன்னு சொன்னா. வந்தா, நீலச் சேலை கட்டிட்டு வந்து உக்காந்தா, என்னைப் பாக்கல. நீங்க என்னம்மா சொன்னீங்கனு கேட்டான். நான் உண்மையா நம்பினேன் சார், என் பேருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுவாள்னு. இத்தனை வருசம் என் சட்டைக் காலரைத் தேச்சவ, நான் கேப்டனாகி என் தோள் பட்டையில நாலு கோடு ஏறினப்ப ஊருக்கே இனிப்புக் கொடுத்தவ.

அவ சொன்னா. அவ்வளவு மெல்லமாச் சொன்னா, கேக்கறதுக்கு எல்லாரும் முன்னால சாஞ்சாங்க. மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரிக் கத்தினாளாம். என் வீட்டுல கத்தாதவ. என்ன கத்தினா தெரியுமா?

"அவர் என் வீட்டுக்காரர்தான். இப்ப அவர் சொல்றதைக் கேக்காதீங்க. யாரும் கழட்டாதீங்க."

இதான். நூத்துச் சொச்சம் பேர் முன்னாடி. நான் அவளைக் கேளுங்கனு சொல்லி அனுப்பறேன், அவ கேக்காதீங்கங்கறா. கழட்டினவங்களும் மாட்டிக்கிட்டாங்களாம். அந்தப் பெரியவருக்குப் பக்கத்துச் சீட்டுக்காரர் மாட்டிவிட்டாராம். அந்தச் சாட்சி அம்மா எழுந்து போய் இவ கையைப் பிடிச்சுட்டு அழுதுச்சு. எதுக்கு அழணும்? உயிரோடதானே இருக்கு? விமானத்தை இறக்கினது ஒருத்தி, ஜனங்களை அடக்கினது ஒருத்தி, அப்ப நடுவுல நான் யாரு? யோசிச்சுப் பாருங்க, இதுதான் என் கேள்வி. நான் யாரு?

அறிக்கை வந்துச்சு. என்னைத் தூக்கில போடல. கௌரவமாத்தான் எழுதியிருந்தானுங்க. இது யாருக்கும் நடக்கும், மறுபடி பயிற்சி எடுத்துட்டு ஓட்டலாம்னு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை சோதனை அறையில உக்காந்து பாக்கச் சொன்னானுங்க. காத்தை உறிஞ்சி எடுக்கற ஒரு இரும்பு அறை இருக்கு. உள்ள உக்கார வச்சு, காத்தை மெல்ல மெல்லக் குறைச்சு, உங்க பேரை எழுதுங்கம்பானுங்க. எழுதுறவன் அழகா எழுதறதாத்தான் நினைப்பானாம். வெளிய வந்து பாத்தாக் கோழி கிளறின மாதிரி இருக்குமாம். நீங்களே பாத்துட்டா உங்களுக்கு மனசு ஆறும் கேப்டன்னு அந்த டாக்டர் வீட்டுக்கே வந்து சொன்னார். என் பேரை எழுத எனக்குத் தெரியும்னு சொல்லி அனுப்பிட்டேன். அப்புறம், இந்த அனுபவத்தைப் புதுப் பசங்களுக்கு வந்து சொல்லணும்னானுங்க. நான் முன்னாடி நின்னுட்டு, பாருங்கடா, நான் மாஸ்க் போடல, மண்டை குழம்பிருச்சுனு சொல்லணுமாம். அந்தப் பாக்கியம் வேணாம்னு வேலையை விட்டுடறேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். அந்தப் பொண்ணு இப்பக் கேப்டனாயிருச்சு. போன தைக்கு அதுக்குத் தூத்துக்குடியில கல்யாணம். எங்களுக்குப் பத்திரிகை வந்துச்சு. எனக்கு அன்னைக்கு இடுப்பு வலி. வசுமதி பட்டுச்சேலை எடுத்துட்டு, தனியா, விமானத்துலயே போயிட்டு வந்தா. பொண்ணோட அப்பா இவ ரெண்டு கையையும் பிடிச்சுட்டாராம். அவர் கையில இவ்வளவு பெரிய சங்கு. கொடுத்தனுப்பியிருக்கார். அதை நான் இன்னும் காதுல வச்சுப் பாக்கல.

விசாரணை முடிஞ்சு வந்த அன்னைக்கு வீட்டுல அவளைக் கேட்டேன். சண்டை போடல, கேட்டேன். அத்தனை பேர் முன்னாடி என்னை நம்பாதீங்கனு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சுனு கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ஞ்சிட்டிருந்தா. ஆய்ஞ்சிட்டே இருந்தா. அப்புறம் சொன்னா.

"அது உங்க குரல் இல்லீங்க. உங்க குரல் எனக்குத் தெரியாதா."

என் குரல் இல்லாம வேற எவன் குரல்? விமானத்துக்கு ஒரு கேப்டன்தானே? இதை நான் கேட்டேன். கண்ணைத் துடைச்சுட்டு உள்ள போயிட்டா. கீரையை நான்தான் ஆய்ஞ்சு முடிச்சேன்.

அதுக்கப்புறம் ஒரு புதுப் பழக்கம் பிடிச்சிருக்கு அவளுக்கு. அந்த டாக்டர் செஞ்ச வேலை. காத்துக் குறைஞ்சா நகம் நீலமாகும்னு இவகிட்ட எப்பவோ சொல்லி வச்சுட்டார். சந்தோசமும் நீல நகமும் சேர்ந்து வந்தா விடக் கூடாதுன்னாராம். இப்ப நான் வீட்டுல கொஞ்சம் சத்தமாச் சிரிச்சாப் போதும், பேரன் ஃபோன்ல பேசி நான் குஷியா இருந்தாப் போதும், நைசா வந்து என் கையைப் பிடிச்சு நகத்தைப் பாக்கறா. தரையில இருக்கிற வீட்டுல, ஃபேன் ஓடறப்ப, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கறப்ப. ஒரு மனுசன் சந்தோசமா இருந்தா அதுக்கு நகத்தைக் காட்டணும். இந்தக் கொடுமையை எங்க போய்ச் சொல்ல?

இருங்க, ஃபோன். அவதான்.

ம். ஏறிட்டேன். உக்காந்துட்டேன். பக்கத்துல ஒரு சார் இருக்கார், பேசிட்டு வர்றோம். ஆமா, நல்லாத்தான் இருக்கேன். இல்ல, சிரிக்கல. சிரிச்சேன், அதுக்கென்ன. ஜன்னல் திறந்துதான் இருக்கு வசு. ரயில்டி இது. சரி. சரி, பாக்கறேன். பாத்துட்டேன்னு சொல்றேன்ல. வை.

பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? ரயில்ல போறவனுக்கு என்ன காத்துப் பஞ்சம்? குரல் ஒரு மாதிரி சந்தோசமா இருக்கு, எதுக்கும் நகத்தைப் பாருங்கங்கறா. சொன்னாப் புரியாது அவளுக்கு.

என் கண்ணாடி பைக்குள்ள கிடக்கு சார். நீங்க கொஞ்சம் பாருங்களேன். இப்படி வெளிச்சத்துல காட்டறேன், நல்லாப் பாருங்க.

சிவப்பாத்தானே இருக்கு?